கூடுதல் வகுப்புக்குக் கூலி உண்டா? தனியார் பள்ளியில் சேரும் ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் நகரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, பட்டப்படிப்பை முடித்து, அரசாங்க ஆசிரியர் பணிக்கான அழைப்பு வரும்வரை ஊரிலேயே ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கற்பிக்கலாம் என்று முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. நேர்முகத் தேர்வில் வாரத்துக்கு 24 பாடவேளை என்றார்கள். மாதச் சம்பளம் 2,340 ரிங்கிட் என்றார்கள். மூன்றாம் மாதத்தில் என் கால அட்டவணையில் 33 பாடவேளைகள் இருந்தன, விடுப்பில் சென்றவர்களின் ரிலீஃப் வகுப்புகள் அதில் சேராது, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் சேராது. சம்பளம் மட்டும் அதே 2,340. கேட்டபோது, "டீச்சர், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறதே" என்று ஒன்பதாம் விதியைக் காட்டினார்கள். உண்மையில் இருந்தது. கையெழுத்திட்ட நாளன்று நான் சம்பளம் எழுதியிருந்த பக்கத்தை மட்டுமே படித்திருந்தேன்.

ஏழு மாத அலைச்சலில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தீபகற்ப மலேசியாவில் தனியார் பள்ளிகளிலும், பிரத்தியேக வகுப்பு (டியூஷன்) நிலையங்களிலும், தனியார் பாலர் பள்ளிகளிலும் சம்பளத்துக்கு வேலை செய்வோருக்கு இது பொருந்தும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. அங்கு வேலை செய்வோர் இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. நீங்கள் யாருடைய ஊழியர் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

தமிழ்ப்பள்ளியில் கல்வி அமைச்சின் நியமனத்தின்கீழ் ஒப்பந்த ஆசிரியராகவோ இடைக்கால ஆசிரியராகவோ பணியாற்றுகிறீர்கள் என்றால், உங்கள் பணி நிபந்தனைகள் அரசாங்கச் சுற்றறிக்கைகளின்படி அமையும்; 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், அதாவது மலாயில் அக்தா கெர்ஜா என்று சொல்லப்படுவது, உங்களுக்கு உதவாது. நீங்கள் பேச வேண்டிய இடம் தலைமையாசிரியரின் அறை, அதற்குப் பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ வாரியமோ தன் பணத்தில் உங்களை அமர்த்தியிருந்தால் கதை வேறு. உங்கள் முதலாளி அந்தச் சங்கமே, ஆகவே தொடர்ந்து படியுங்கள்.

தனியார் துறையில் சேருவோர் தாளின் தலைப்பிலேயே ஒரு சொல்லைத் தேட வேண்டும். "கொன்திராக் பெர்கிட்மாத்தான்" என்றிருந்தால் நீங்கள் ஊழியர். "கொன்திராக் உந்தோக் பெர்கிட்மாத்தான்" என்று நடுவில் ஓர் "உந்தோக்" நுழைந்திருந்தால், உங்களைச் சுயமாகத் தொழில் செய்யும் ஒருவராகக் காட்ட முயல்கிறார்கள் என்று பொருள். அப்படிக் காட்டிவிட்டால் மிகைநேர ஊதியம், ஓய்வுநாள் ஊதியம், ஊழியர் சேமநிதி, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி ஆகிய அனைத்தையும் தவிர்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஆயினும் தலைப்பு மட்டும் முடிவு செய்துவிடாது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தங்களில் 101சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்துகிறாரா, கருவிகளை அவர் தருகிறாரா, அவருடைய தொழிலின் இன்றியமையாத பகுதியாக அந்த வேலை இருக்கிறதா, சீரான இடைவெளியில் தரப்படும் பணம் உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியா என்பவற்றைப் பார்த்து, நீங்கள் ஊழியர்தான் என்று அனுமானிக்க அது வழி செய்கிறது. கால அட்டவணையை அவர்கள் போட்டு, வெண்பலகையையும் பாடநூலையும் அவர்களே தந்து, காலையில் விரல்ரேகை பதிய வைக்கும் இடத்தில் நீங்கள் சுயதொழிலர் ஆவது எளிதல்ல. இருந்தாலும் பின்னால் வாதாடுவதைவிட, அந்த "உந்தோக்" என்ற சொல்லை முன்னாலேயே அடிக்கச் சொல்வது சுலபம்.

2. கையெழுத்திடும் முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய நிலையங்கள் "சூராட் தாவாரான்" எனப்படும் ஒரு பக்க வேலை வாய்ப்புக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. மீதியைச் சேர்ந்த பிறகு தருவோம் என்கின்றன. அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் "நிலையத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று இருக்கும். அந்த விதிமுறைகள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றனவோ அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், ஏனெனில் கூடுதல் வகுப்பு பற்றிய வரி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முழு ஒப்பந்தம், வேலை விவரப் பட்டியல், ஊழியர் கையேடு, முதல் தவணைக்கான கால அட்டவணை ஆகிய நான்கையும் கேளுங்கள். கால அட்டவணை இன்னும் தயாராகவில்லை என்பார்கள். அப்படியானால் பாடவேளைகளின் எண்ணிக்கையை மட்டுமாவது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக, அதாவது லம்பிரானாக, எழுதி இரு தரப்பும் சுருக்கொப்பமிட வேண்டும். இரண்டு மூன்று நாள் அவகாசம் கேட்டுத் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அவகாசமே தர மாட்டேன் என்று சொல்லும் முதலாளியைப் பற்றி நீங்கள் அப்போதே ஒரு முடிவுக்கு வரலாம். ஒப்பந்த மலாய் பேச்சு மலாயைப் போன்றதன்று. அலுவலகத்தில் பணிபுரியும் உறவினர் ஒருவரிடம் காட்டுங்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவுக்கு என் ஒன்பதாம் விதியின் விஷமம் அரை நிமிடத்தில் புரிந்தது. அவரிடம் எட்டு மாதம் முன்னதாகக் காட்டியிருக்க வேண்டும்.

கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 10 ரிங்கிட். கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும். 2026ஆம் ஆண்டு முதல் மாதம் 3,000 ரிங்கிட் வரை சம்பளம் உள்ள ஒப்பந்தங்களுக்கு விலக்கு உண்டு. இதைப் பொதுவாக முதலாளியே செய்வார். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும். "கோப்பில் இருக்கிறது" என்ற பதில் போதாது.

இன்னொரு தாளும் உண்டு. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஆசிரியராகவோ கற்பித்தல் அனுமதி பெற்றவராகவோ இல்லாமல் கற்பிப்பது குற்றம். பெர்மிட் மெங்காஜார் எனப்படும் அந்த அனுமதிக்கு விண்ணப்பம் போகிறதா, யார் போடுகிறார்கள், எந்த நிலையத்தின் பெயரில் என்பவற்றை முதல் வாரத்திலேயே கேளுங்கள். வேறு ஊரில் உள்ள கிளையில் போய்க் கூடுதல் வகுப்பு எடுக்கச் சொன்னால் அந்த அனுமதித் தாளை மறுபடியும் எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

3. மூன்று எண்கள்: மணி, பாடவேளை, விலை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கூடுதல் வகுப்பு என்றாலே மிகைநேரம், மிகைநேரம் என்றாலே ஒன்றரை மடங்கு என்று நானும் நம்பியிருந்தேன். சட்டம் பாடவேளையை எண்ணுவதில்லை. மணி நேரத்தை எண்ணுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு நாளின் வழக்கமான வேலை நேரம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ, அதைத் தாண்டிச் செய்யும் வேலைதான் மிகைநேரம். அந்த வழக்கமான நேரம் வாரத்துக்கு 45 மணியைத் தாண்டக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நடப்புக்கு வருமுன் அது 48 ஆக இருந்தது. என் ஒப்பந்தத்தில் திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஏழரை மணி நேரம், ஆக மொத்தம் சரியாக 45 என்று எழுதியிருந்தார்கள். நாற்பது நிமிடப் பாடவேளை 24 என்றால் 16 மணி நேரம். மீதி 29 மணி நேரம் பாடம் தயாரிக்கவும் நோட்டுப் புத்தகம் திருத்தவும் என்று வாயால் சொன்னார்கள். அந்த 29 மணி நேரத்துக்குள் எத்தனை வகுப்பைச் செருகினாலும் சட்டத்தின் கண்ணில் நான் மிகைநேரம் செய்யவில்லை. திருத்த வேண்டிய நோட்டுகள் பையோடு வீட்டுக்கு வந்தன, அவ்வளவுதான்.

ஆகவே மூன்று எண்களும் ஒப்பந்தத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். முதலாவது, நாளுக்கும் வாரத்துக்கும் உரிய வேலை நேரம்: உண்மையில் நீங்கள் 40 மணி நேரம்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் 40 என்றே எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் 45 என்று எழுதிவிட்டால் இடைப்பட்ட ஐந்து மணி நேரமும் அவர்களுடையது. இரண்டாவது, வாரத்துக்கு அதிகபட்சப் பாடவேளை. ஒரு பாடவேளை என்பது எத்தனை நிமிடம் என்பதும் அதோடு சேர வேண்டும், ஏனெனில் 30 நிமிடம் என்று பேசி 60 நிமிட வகுப்பைக் கொடுத்த இடங்கள் உண்டு. மூன்றாவது, அந்த எண்ணிக்கையைத் தாண்டும் ஒவ்வொரு பாடவேளைக்கும் எத்தனை ரிங்கிட் என்ற விலை. இந்த மூன்றாவது எண்ணைச் சட்டம் உங்களுக்குத் தராது. பேசி வாங்க வேண்டியது நீங்கள்தான். உங்கள் மணிக் கூலியைக் கணக்கிட்டு (கீழே 5ஆம் பகுதியில் சொல்கிறேன்) அதற்குக் குறையாமல் கேளுங்கள். தயாரிப்பும் திருத்தமும் இருப்பதால் அதற்கு மேல் கேட்பதிலும் தவறில்லை.

மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மிகைநேரம், ஓய்வுநாள் வேலை, பொது விடுமுறை வேலை ஆகியவற்றுக்கான சட்டக் கூலி விகிதங்கள் அவர்களுக்குப் பொருந்தா. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும்.

4. "மற்ற பணிகள்" என்ற வரி

என் ஒன்பதாம் விதி இதுதான்: "துகாஸ்-துகாஸ் லாயின் யாங் டிஅராஹ்கான் டாரி செமாசா கே செமாசா". அவ்வப்போது பணிக்கப்படும் பிற வேலைகள். எல்லா ஒப்பந்தத்திலும் இது இருக்கும், முழுவதுமாக நீக்கச் சொன்னால் எந்த முதலாளியும் இசைய மாட்டார். நானே முதலாளியாக இருந்தாலும் இசையமாட்டேன், நாளைக்கு விளையாட்டுப் போட்டிக்கு யார் விசில் ஊதுவது? வரியை விட்டுவிட்டு அதன் வாலில் ஒரு நிபந்தனையை ஒட்டுவதே நடைமுறைக்கு ஏற்றது. நான் இரண்டாவது இடத்தில் சேர்ந்தபோது இப்படி எழுதி வாங்கினேன்:

"வாரத்துக்கு 26 பாடவேளைகளுக்கு மேற்பட்ட கற்பித்தல், அது கூடுதல் வகுப்பாயினும் ரிலீஃப் வகுப்பாயினும், மற்ற பணிகள் என்ற விதியில் அடங்காது, முன்கூட்டியே எழுத்து மூலம் பணிக்கப்பட்டு, பின்னிணைப்பில் உள்ள விகிதப்படி ஊதியம் வழங்கப்படும்."

இதில் "எழுத்து மூலம்" என்பதற்குப் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியும் அடங்கும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரிலீஃப் வகுப்பு காலை ஏழு மணிக்குப் புலனக் குழுவில்தான் அறிவிக்கப்படும். அதற்குக் கடிதம் வேண்டும் என்று நின்றால் யாராலும் பள்ளி நடத்த முடியாது.

இதே விதியின் அண்டை வீட்டில் வேறு சில வரிகளும் குடியிருக்கும். "சம்பளத்தில் எல்லா மிகைநேரமும் அடங்கும்" என்பது ஒன்று. 4,000 ரிங்கிட் வரை பெறுபவருக்குச் சட்டத்தில் உள்ளதைவிடக் குறைவான நிபந்தனை எழுதப்பட்டாலும் அது செல்லாது, சட்டத்தில் உள்ளதே நிற்கும். "பணிச்சுமைப் படி 150 ரிங்கிட்" என்பது இன்னொன்று. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் எத்தனை வகுப்புக்கு அந்த 150 என்று எழுதாவிட்டால் அது எத்தனை வகுப்பையும் விழுங்கும். தேர்வுத் தாள் தயாரிப்பு, திருத்தம், பெற்றோர் சந்திப்பு நாள், முகாம், பள்ளிப் பேருந்துக் கண்காணிப்பு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, வேலை நேரத்துக்குள்ளா வெளியேயா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. கூலிக் கணக்கு

என் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 2,340 ரிங்கிட். சட்டப்படி ஒரு நாள் கூலி காண 26ஆல் வகுக்க வேண்டும்: 90 ரிங்கிட். என் நிலையத்தில் 30ஆல் வகுத்து 78 என்று காட்டினார்கள். அது தவறு. ஒரு நாளின் வழக்கமான நேரம் ஏழரை மணி, ஆகவே மணிக் கூலி 12 ரிங்கிட். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 18 ரிங்கிட்.

ஓய்வுநாளில் வேலை செய்தால் கணக்கு வேறு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேற்படாமல் வேலை செய்தால் அரை நாள் கூலி. பாதியைத் தாண்டி முழு நேரம் வரை ஒரு நாள் கூலி. அதற்கும் மேல் ஒவ்வொரு மணிக்கும் இரு மடங்கு. பாட்டிக்கு இதைச் சொன்னபோது, பால் வெட்டப் போன காலத்தில் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் அரைப் பேர் (அரை நாள்) போட்டது போலத்தானே என்றார். அதேதான். என் ஞாயிறு வகுப்பு மூன்று மணி நேரம், ஏழரையில் பாதிக்குக் குறைவு, ஆகவே ஒரு ஞாயிற்றுக்கு 45 ரிங்கிட். இன்னொரு மணி நேரம் நீட்டியிருந்தால் 90 ஆகியிருக்கும். மூன்றேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்று முன்பாகவே வகுப்பு முடிவது தற்செயலா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறையில் பணித்தால் அந்த விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் கூலி. என் கணக்கில் 180 ரிங்கிட்.

சனிக்கிழமை ஒரு கண்ணி. வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக இருந்தால், அவற்றில் கடைசி நாள்தான் சட்டத்தின் ஓய்வுநாள். ஆகவே ஐந்து நாள் பள்ளியில் வேலை செய்பவர் சனிக்கிழமை வகுப்புக்கு ஓய்வுநாள் விகிதத்தைக் கேட்க முடியாது. சனிக்கிழமை வகுப்புக்கான விகிதத்தைப் பின்னிணைப்பில் தனியாக எழுதி வாங்குங்கள். ஓய்வுநாளில் வேலை செய்யும்படி, சட்டம் பட்டியலிடும் அவசரக் காரணங்கள் தவிர, உங்களைக் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நேர வரம்புகள் இன்னும் இரண்டு உள்ளன, இவற்றை நிலையங்கள் அடிக்கடி மீறுகின்றன. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல், குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல், வேலை வாங்கக் கூடாது. ஓய்வு நேரத்தில் ரிலீஃப் வகுப்பைப் போட்டால் காலை ஏழரையிலிருந்து ஒரு மணி வரை உட்காரவே முடியாது. வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் இடையே பத்து மணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. காலைப் பள்ளியையும் மாலைப் பிரத்தியேக வகுப்பையும் ஒரே ஆசிரியரைக் கொண்டு நடத்தும் நிலையங்களில் இந்த வரம்பு நாள்தோறும் உடைகிறது. மிகைநேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேற்படக் கூடாது.

பகுதிநேர ஆசிரியர்களுக்கு: முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை வேலை செய்வோருக்கென்று 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன. உங்கள் நேரத்தைத் தாண்டினாலும் முழுநேர ஊழியரின் நேரத்தைத் தொடும்வரை சாதாரண மணிக் கூலிதான். அதற்கு அப்பால்தான் ஒன்றரை மடங்கு.

சம்பளச் சீட்டில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்பதையும் கவனியுங்கள். சட்டப்படியான மிகைநேர ஊதியத்துக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா கிடையாது, சொக்சோவுக்கு உண்டு. வேலை நேரத்துக்குள் எடுக்கும் கூடுதல் பாடவேளைக்கான பணமோ மிகைநேரம் அன்று. அது ஊதியம், அதற்குச் சேமநிதி கட்ட வேண்டும். 5,000 ரிங்கிட் வரையிலான ஊதியத்துக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு என்பதால், அந்தப் பணத்தை "ஓ.டி." என்று எழுதுவதில் அவர்களுக்கு ஒரு சிறு மிச்சம் இருக்கிறது. சேமநிதிக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் திறந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

6. விடுமுறை மாதமும் விலகல் அறிவிப்பும்

பதினொரு மாத ஒப்பந்தம் தருகிறார்களா என்று பாருங்கள். ஆண்டிறுதி விடுமுறையில் சம்பளம் இல்லை என்பதன் மறைமுக வடிவம் அது. பள்ளி விடுமுறைகளில் சம்பளம் உண்டு என்ற வரி வேண்டும். விலகல் அறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் மூன்று மாதம், அவர்கள் ஒரு மாதம் என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதப்படாவிட்டால் இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு நான்கு வாரம்.

7. சேர்ந்த நாள் முதல் எழுதி வையுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள், இரண்டு ரிங்கிட். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வகுப்பு, பணித்தவர் யார், எந்த வழியில் பணித்தார் என்று ஆறு கட்டங்கள் போடுங்கள். அன்றன்று எழுதுங்கள், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய பட்டியலுக்கும் அன்றன்று எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகள் மையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுக்காதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை என்பார்களே, அந்த நினைப்போடு எழுதுங்கள்.

புலனக் குழுவில் வரும் ரிலீஃப் அறிவிப்புகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து, தேதி தெரியும்படி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வேலையை விட்ட அன்றே உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். கால அட்டவணை மாறும்போதெல்லாம் பழையதைப் படம் எடுங்கள். சம்பளச் சீட்டு ஒவ்வொரு மாதமும் தரப்பட வேண்டியது. தராவிட்டால் வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சிட்டு வையுங்கள். முதலாளியும் ஊழியர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர், ஆனால் அவர் பதிவேட்டை நம்பி நான் காத்திருந்தபோது அதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றுகூட இல்லை.

8. கேட்பது எப்படி, எப்போது

மாதச் சம்பளம், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும். மிகைநேரம், ஓய்வுநாள், பொது விடுமுறை வேலைக்கான பணத்துக்கு அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை அவகாசம் உண்டு. அதாவது மார்ச் மாத ஞாயிறு வகுப்புக்கான பணத்தை ஏப்ரல் இறுதி வரை பொறுத்திருந்து, மே முதல் வாரத்தில் கேளுங்கள். முதலில் வாயால், மரியாதையாக, தனியாகக் கேட்பது நல்லது. சின்ன ஊர், முதலாளியின் மனைவியைக் கோயில் திருவிழாவில் பார்ப்பீர்கள், அவர் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். கேட்ட அன்று மாலையே, "ஐயா, இன்று பேசியபடி மார்ச் மாதத்து நான்கு ஞாயிறு வகுப்புகளுக்கான 180 ரிங்கிட் பற்றி முடிவு சொல்லுங்கள்" என்பது போல ஒரு புலனச் செய்தி அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம்: தேதிகள், மணிகள், விகிதம், மொத்தம், பதில் தர வேண்டிய நாள். கடிதத்தில் கோபம் வேண்டாம். அதை வேறு யாரோ படிக்கப் போகிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

9. தொழிலாளர் இலாகா

அதன் பிறகும் நகரவில்லையென்றால், மலாயில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா எனப்படும் தொழிலாளர் இலாகாவில் வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் கோரிக்கை பதியலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட பாக்கியைக் கேட்கலாம் என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். மனிதவள அமைச்சின் "வர்க்கிங் ஃபார் வர்க்கர்ஸ்" செயலி வழியாகவும் புகார் செய்யலாம். எனக்கோ நேரில் சென்றதுதான் பலன் தந்தது. பகாவிலிருந்து கோலாப் பிலா வழியாகச் சிரம்பான் செல்ல ஒரு நாள் விடுப்பு போட வேண்டியிருந்தது. மொத்தம் மூன்று பயணம். போக்குவரத்து, நகல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 130 ரிங்கிட் அளவில் செலவானது.

அதிகாரி உங்கள் வாக்குமூலத்தை மலாயில் எழுதிக்கொண்டு, முதலாளிக்கு அழைப்பு அனுப்புவார். முதல் தேதியில் பெரும்பாலும் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் விசாரணைக்குத் தேதி குறிப்பார்கள். நான் மார்ச்சில் பதிந்தேன், மே மாதம் முதல் தேதி, ஜூலையில் முடிந்தது. நான் கேட்டது மூன்று வகைப் பணம். ஒன்பது ஞாயிறு வகுப்புகளுக்கு 405 ரிங்கிட் கிடைத்தது. மாலை மூன்றரைக்குப் பின் எடுத்த 46 மணி நேரத்துக்கு 828 ரிங்கிட் கிடைத்தது. வேலை நேரத்துக்குள் செருகப்பட்ட 200க்கு மேற்பட்ட பாடவேளைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. "டீச்சர், ஒப்பந்தத்தில் 24 என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். எங்கும் இல்லை, நேர்முகத் தேர்வில் சொன்ன சொல் அது.

கேட்டதற்காகவே வேலையை விட்டு நீக்கிவிட்டால் அது வேறு இலாகா, வேறு காலக்கெடு. தொழில் உறவுகள் இலாகாவில், மலாயில் ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹாஆன், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தொழிலாளர் இலாகாவில் சம்பளப் பாக்கிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறது என்பதால் இந்த 60 நாள் நின்று காத்திருக்காது. என்னோடு வேலை செய்த ஒருவர் இரண்டும் ஒன்றே என்று நினைத்து, மூன்றாம் மாதம்தான் சென்றார், கதவு மூடியிருந்தது.

முகப்பில் கேட்கும் முதல் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: அடையாள அட்டை எண், வேலையில் சேர்ந்த தேதி, கடைசியாக வாங்கிய சம்பளம், நிலையத்தின் பதிவுப் பெயரும் முகவரியும். பலகையில் தொங்கும் பெயர் வேறாகவும் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கலாம். பதிவுப் பெயர் சம்பளச் சீட்டின் மேல் மூலையில் இருக்கும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், கால அட்டவணைகள், திரைப்பிடிப்புகள் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு, காலைப் பேருந்தையே பிடியுங்கள். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு வரிசை நீளம்.